உலைக்காரரின் எலுமிச்சைத் தண்ணீர்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த இரும்பு ஆலையில், உலைப் பக்கம் ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, பாதி கருகிய புருவம். சூட்டில் நிற்பவர்களுக்குக் கம்பெனி தினமும் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொடுக்கும். அவர் மட்டும் தன் பங்கைக் குடிக்காமல் பாட்டிலில் பிடித்து, ஆரம்பாக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். பிள்ளைகளுக்கு என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ரம்முல ஊத்திக்கத்தான் சார். நாலு புதினா கிள்ளிப் போட்டா ஜோரா இருக்கும். முன்ன கோலா ஊத்திக்கினு இருந்தேன். சுகர் ஏறுதுன்னு டாக்டரு நிறுத்த சொல்ட்டாரு."

"ரம்மையா?"

"கோலாவ சார். ரம்மு பத்தி அவரு இன்னும் கேக்கல. நம்ம உடம்ப நாமதான பாத்துக்கணும்?"

சித்திரை வெயிலில் ஒரு மதியம் உலைக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தார். நிழலுக்குத் தூக்கிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண் திறந்ததும் பக்கத்திலிருந்த அவருடைய பாட்டிலையே திறந்து வாயருகே கொண்டுபோனேன். கையால் தடுத்தார்.

"இத்த மூடி வைங்க சார். சாயங்காலத்துக்கு வேணும். சாதா தண்ணி இருந்தா குடுங்க."

உடம்பின் மேல் இவ்வளவு அக்கறை உள்ள மனிதரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.