இரவல் குரல்

சாந்தோம் ஆரோக்கியநாதனுக்கு இரண்டு குரல்கள். ஒன்று சொந்தக் குரல். அதை அவர் அதிகம் உபயோகித்ததில்லை. மற்றது அவருடைய தலைமைக் குமாஸ்தா சந்திரமௌலியின் குரல்.

ஒரு கப்பல் கம்பெனியில் சந்திரமௌலிக்குக் கீழே வேலை. பகலெல்லாம் அவரிடம் திட்டு வாங்குவது உத்தியோகம். மாலையில் அதே திட்டை மனைவி ஃப்ளோரன்ஸுக்கு நடித்துக் காட்டுவது பொழுதுபோக்கு. "ம்க்கும். அதாவது, இது ஆபீஸா, சத்திரமா?" என்று மூக்கால் ஓர் இழுப்பு இழுப்பார். அந்த அம்மாள் அடுப்பை விட்டுவிட்டு வந்து சிரிப்பாள்.

சர்ச்சில் பங்குத் திருநாள் மேடையில் இந்தக் குரலைக் கேட்ட ஒருவர், ரேடியோ நாடகத்தில் அவருக்கு மாமனார் வேஷம் வாங்கிக் கொடுத்தார். யுத்த காலம், ஆபீஸில் லீவு என்ற பேச்சே கிடையாது. ஆகவே தொண்டை கட்டிக் குரலே வரவில்லை, இரண்டு நாள் லீவு வேண்டும் என்று பக்கத்து மேஜை ஹென்றியிடம் சொல்லியனுப்பினார். பேசுவதற்காக, பேச முடியவில்லை என்று லீவு எடுத்தவர் அந்தக் கம்பெனியில் அவர் ஒருவர்தான். சின்ன வேஷக்காரர்களின் பெயரை ரேடியோவில் சொல்வதில்லை என்பது ஒரு தைரியம்.

நாடகத்தில் மருமகனைப் பார்த்து, "ம்க்கும். அதாவது, இது வீடா, சத்திரமா?" என்றார். பிரமாதமாக வந்தது.

மறுநாள் மாலை வாசலில் சந்திரமௌலி நின்றார். கையில் பித்தளைத் தூக்கு. வேலை போயிற்று என்று முடிவு கட்டிக்கொண்டு, கழுத்தில் மப்ளரைச் சுற்றியபடி ஆரோக்கியநாதன் வெளியே வந்தார்.

"ஓய், வாயைத் திறக்காதீர். சித்தரத்தைக் கஷாயம். ஆத்துல போட்டுக் கொடுத்தா. சூடா குடியும்."

ஃப்ளோரன்ஸ் நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. தண்ணீர் வேண்டாமென்று, கேட்குமுன்பே சொன்னார்.

"நேத்து ரேடியோ கேட்டீரோ? யுத்தச் செய்திக்குன்னு வாங்கின பெட்டி, நாடகமும் போடறான். ஒரு மாமனார் வந்தான் பாரும், அப்படி ஒரு சிடுமூஞ்சி. அவன்கிட்ட வேலை பார்க்கறவா கதி என்ன ஆறது?"

ஆரோக்கியநாதன் தலையை ஆட்டினார். எந்தத் திசையில் என்று அவருக்கே தெரியவில்லை.

"எங்காத்துல அவ வாய்விட்டுச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. நேத்து என் மூஞ்சியைப் பார்க்கறா, சிரிக்கறா. மறுபடி பார்க்கறா, சிரிக்கறா. ஏண்டின்னா சொல்ல மாட்டேங்கறா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னிக்கும் சிரிக்க வைக்கலாம்னு பார்க்கறேன். இப்படித்தானே சொன்னான்? ம்க்கும். அதாவது, இது வீடா, சத்திரமா? ...அவனாட்டம் வரலே, இல்லே?"

உண்மையில் வரவில்லை. அந்தக் குரலை நடிக்கத் தெரியாதவர் ஆபீஸிலேயே அவர் ஒருவர்தான்.

ஃப்ளோரன்ஸ் சிரிக்கவில்லை. தூக்கைக் கழுவித் தருவதாகச் சொன்னாள். "இருக்கட்டும், நீங்களே வெச்சுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுச் சந்திரமௌலி படியிறங்கினார். அது தாராளமா, ஆசாரமா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"பின்னாலேயே போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"என்னன்னு சொல்ல? அவர் சம்சாரம் யாரைப் பார்த்துச் சிரிச்சாங்கன்னா?"

ஆரோக்கியநாதன் கஷாயத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். தொண்டையில் ஒன்றுமில்லாதவருக்கு அது மிகவும் கசந்தது.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், பொய் சொல்லி லீவு எடுத்ததைச் சாமியாரிடம் சொன்னார். குரலை எடுத்ததைச் சொல்லவில்லை. பத்துக் கட்டளைகளில் அது எதில் சேரும் என்று அவருக்குத் தெரியவில்லை.

ரேடியோவில் மறுபடி கூப்பிட்டார்கள், அதே மாமனாருக்கு. ஆபீஸில் சந்திரமௌலி இல்லாத நேரம் பார்த்து ஹென்றியும், "நைனா, பெரியவரை ஒரு தபா எடுத்து வுடேன்" என்பார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்.

"தொண்டை சரியில்லைப்பா."