வெள்ளிமலை ஏற்றத்தில் மடியில் ஒரு மீட்டர்

"மீட்டர்ல நம்பர் பாக்குறவங்கெல்லாம் மெக்கானிக் ஆயிட முடியாதும்மா" என்று எங்கள் பட்டறை முதலாளி போன வாரம் சொன்னார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். அதனால்தான் அதிகமாக உறைத்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, கள்ளக்குறிச்சியில் பெட்ரோல் வண்டிகளைக் கேஸில் ஓட வைக்கும் சி.என்.ஜி. கிட் மாட்டும் ஒரு பட்டறையில் ஒயரிங் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் சம்பளத்தில் 1,450 ரூபாய் கொடுத்து, வோல்ட் பார்க்கும் அந்த மீட்டரை வாங்கினேன். வேறு யாரையும் அதைத் தொட விடுவதில்லை.

விவகாரம் யூசுப் பாயின் லோடு வண்டியைப் பற்றியது. அவர் வாரம் இரண்டு முறை கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக் கடைகளுக்கு மளிகைச் சாமான் ஏற்றிப் போகிறவர். நான்கு மாதத்துக்கு முன் அவர் வண்டிக்கு கிட் மாட்டியது நான்தான். சமதரையில் தங்கமாக ஓடும். மலை ஏறும்போது மட்டும், ஏதாவது ஒரு வளைவில் குலுங்கி, கேஸ் நின்று, பெட்ரோலுக்குத் தாவிவிடும். சரக்கோடு ஏறும் வண்டி வளைவில் குலுங்கினால் பின்னால் உருளும். மூன்று முறை பட்டறைக்குக் கொண்டுவந்தார். மூன்று முறையும் நான் பார்த்தேன்.

சிலிண்டரிலிருந்து கேஸ் போகும் வழியில் ஒரு வால்வு இருக்கிறது. சோலனாய்டு என்போம். கரண்ட் வந்தால் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். அதன் கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைத்தேன். 12.6 வோல்ட் காட்டியது. கரண்ட் சரியாக வருகிறது, ஆகவே வால்வுதான் கெட்டது என்று எழுதி, பட்டறைச் செலவில் புது வால்வு மாட்டினேன். அடுத்த நடையிலேயே வண்டி மறுபடி குலுங்கியது.

வியாழக்கிழமை பாயோடு மலைக்குப் போய் வா என்றார் முதலாளி. கண்டுபிடித்தால் ஒயரிங் என் கையில் இருக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து நான் பில் போடும் மேஜைக்குப் போக வேண்டும். பாயின் கிட்டும் அன்றே கழற்றப்படும். பெட்ரோலில் ஓட்டினால் மலை நடை கட்டாது என்பதால், பாய்க்கு அது வெள்ளிமலை வியாபாரத்தையே விடுவது போல.

காலை 7.10. கச்சிராயபாளையம் சாலையில் புறப்பட்டோம். பின்னால் வெங்காய மூட்டை, எண்ணெய் டின், சோப்புப் பெட்டி, பிளாஸ்டிக் குடம். புறப்படுவதற்கு முன் ஒரு வேலை செய்திருந்தேன். இந்த முறை கனெக்டரைக் கழற்றவில்லை. வால்வின் இரண்டு முனைகளிலும் நீள ஒயர் இணைத்து, டேப் சுற்றி, கதவு இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்து, மடியில் இருந்த மீட்டரில் சொருகினேன். வண்டி கோளாறு செய்யும் இடத்திலேயே கோளாறைப் பார்க்க வேண்டும்.

7.45. கச்சிராயபாளையம். ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். மீட்டரில் 13.2. பாய் டீ குடிக்க நிறுத்தினார். ஒரு டீ 12 ரூபாய். நான் இறங்கவில்லை. ஒயர் அசைந்துவிடும் என்று பயம். ஜன்னல் வழியாக கிளாஸை நீட்டிய பாய், "எறங்கித்தான் குடியேன் தங்கச்சி. நின்னுக்கினு இருக்குற வண்டி எங்க ஓடிடப் போவுது?" என்றார்.

8.05. கோமுகி அணையைத் தாண்டினோம். தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது 13.1.

8.20. பரிகம். அடிவாரத்தில் ஒரு மலைக்கார அம்மா கையை நீட்டினார். கரியாலூர் பக்கம் போக வேண்டுமாம். பெயர் சின்னபொண்ணு. ஒரு கையில் பை, இன்னொரு கையில் காலைக் கட்டிய இரண்டு கோழிகள். பாய்க்கு அவரை முன்பே தெரியும். நடுவில் நான் நெருக்கி உட்கார்ந்தேன். ஒரு கோழி மீட்டரைக் கொத்தப் பார்த்தது.

"இன்னா பாப்பா, வண்டிக்கு பிரஷர் பாக்குறியா?" என்று கேட்டார் சின்னபொண்ணு அக்கா.

அப்படித்தான் என்றேன்.

"ஜாஸ்தியா, கம்மியா?"

இப்போதைக்குச் சரியாக இருக்கிறது என்றேன். அதற்குள் ஏற்றம் தொடங்கிவிட்டது. முதல் வளைவில் 13.0. மூன்றாவதில் 12.4. வழியில் சமதரையில் கிடைக்காத குளிர்ச்சி இருந்தது, மூங்கில் இருந்தது, எதிரே வந்த பஸ்ஸிலிருந்து யாரோ கை காட்டினார்கள். எல்லாம் ஓரக்கண்ணில் போனது. ஐந்தாவது வளைவில் 10.8. மீட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பாய் கியரை மாற்றினார். அடுத்த வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து முறுக்கிக்கொண்ட நேரத்தில் எண் 8 ஆனது, 6 ஆனது, அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி குலுங்கியது. கேஸில் ஓடுவதைக் காட்டும் விளக்கு அணைந்தது.

8.50. ஓரத்தில் நிறுத்தினோம். பாய் இறங்கிப் பின் டயருக்குக் கல் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், "அவ்ளோதான் போலக்கிது தங்கச்சி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பரபரப்பு. வால்வுக்கு வோல்ட் குறைந்துதான் மூடியிருக்கிறது. வால்வு நல்ல வால்வு. குறை ஒயரில் இருக்கிறது. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தபோது அது தெரிய வழியே இல்லை. சும்மா நிற்கிற ஒயர் முழு வோல்ட்டையும் காட்டும். வால்வை இழுத்துப் பிடிக்கும் வேலையைக் கொடுத்தால்தான் அதன் லட்சணம் வெளியே வரும். இது வகுப்பில் படித்ததுதான். பட்டறையில் அவசரத்தில் செய்யாமல் விட்டேன்.

இன்ஜினை மறுபடி கேஸில் போடச் சொன்னேன். மீட்டரின் ஒரு ஒயரை வால்வின் எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பக்கத்திலும், இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். அந்த இரண்டுக்கும் நடுவே பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 6.8 காட்டியது. போன கரண்ட் திரும்பி வர வழி இல்லாமல் எங்கோ முட்டிக்கொண்டு நிற்கிறது.

மீட்டரை சின்னபொண்ணு அக்கா கையில் கொடுத்தேன். வேறு வழியில்லை. எண் மாறினால் கத்தச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போனேன். எர்த் ஒயர் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு போல்ட் இருக்கிறது. ஸ்பேனரின் கைப்பிடியால் அதை அழுத்தினேன்.

மேலிருந்து குரல் வந்தது: "பாப்பா, கொறைஞ்சிக்கினு வருது. மூணு. ஒண்ணு. இப்ப ஒண்ணுமேயில்ல."

கையை எடுத்தேன்.

"அய்ய, மறுபடி ஏறிப்போச்சு. இன்னா பண்ண?"

இன்ஜினை நிறுத்தச் சொல்லி போல்ட்டைக் கழற்றினேன். ஒயர் முனையின் வளையத்துக்கு அடியில், கறுத்த துருவோடு ஒட்டி, மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம்.

 எங்கள் பட்டறையில் ஒவ்வொரு வண்டியையும் கொடுக்கும் நாளில் சூடம் காட்டி, கிட்டின் ஒவ்வொரு உறுப்புக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். மற்றவர்கள் எல்லாம் முடிந்தபின் மேலாக வைப்பார்கள். நான் மாட்ட மாட்டவே வைப்பேன். என் கையால் ஒரு வண்டி ஓடப்போகிறது என்ற பெருமையில், பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய எர்த் இடத்திலும் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் வளையத்தை வைத்து முறுக்கியிருக்கிறேன். காய்ந்த சந்தனம் மலை ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவாக்கிவிட்டது. பூசையின்போது பாய் கைகட்டி நின்று சிரித்தது நினைவுக்கு வந்தது.

துரு பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது பொய்யில்லை. யாருக்கும் தெரிந்திருக்காது. வெளியே வந்து வளையத்தை பாயிடம் நீட்டி, இது என் தப்பு, இரும்பு இரும்பைத் தொட வேண்டிய இடத்தில் சந்தனம் வைத்துவிட்டேன் என்றேன். 

அவர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு மாசமா எம் பொண்டாட்டி, இது எவனோ கண்ணு வெச்சதுன்னு சொல்லிக்கினு கீறா. பொட்டு வெச்சதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். பிறகு, "சரி, தேய்ச்சி மாட்டு. வெங்காயம் மேல போவணும்."

கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, முறுக்கினேன். முறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸ் பூசினேன். எர்த் பக்கம் 0.1. பழையபடி வால்வின் இரண்டு முனைகளுக்கும் ஒயரை மாற்றினேன்.

9.40. மீதி வளைவுகள். 13.2, 13.1, 13.2. ஒவ்வொரு வளைவிலும் சின்னபொண்ணு அக்கா என் மடியை எட்டிப் பார்த்து எண்ணைச் சொன்னார். கரியாலூரில் இறங்கும்போது, நான் கேட்காமலே, பையிலிருந்து இரண்டு கொய்யாப் பழம் எடுத்து சீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

10.15. வெள்ளிமலை. பாய் சரக்கு இறக்கும்வரை கடை வாசலில் நின்றேன். நிற்க முடியவில்லை, நடந்தேன். என் போன் நோட்டில் நான் கிட் மாட்டிய வண்டிகளின் பட்டியல் இருக்கிறது. பாயின் வண்டி போக இன்னும் பத்து. பத்திலும் அதே இடத்தில் அதே பொட்டு. அவை மலை ஏறாததால் இன்னும் கோளாறைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். முதல் மழைக்காலம் வந்தால் நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே சொல்லும்.

சிக்னல் சரியாகக் கிடைத்தது திரும்பி பரிகம் வந்த பிறகுதான். முதலாளியைக் கூப்பிட்டு முழுவதையும் சொன்னேன். புது வால்வு வீண் செலவு என்பதையும் சொன்னேன்.  "வா, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். மலையை அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். மேகம் பாதியை மூடியிருந்தது. போய் வந்த ஊரைப் பற்றி என்னிடம் கேட்டால் வோல்ட் கணக்குத்தான் இருக்கிறது. எங்கள் ஊர்த் தரையில் நூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தாலும் இது தெரிந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

திங்கட்கிழமை எந்த மேஜை என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நான் காத்திருக்கவில்லை. பத்து வண்டிக்காரர்களையும் வழியிலேயே போனில் கூப்பிட்டுப் பேசினேன். ஒருவர் திட்டினார், இருவர் சிரித்தார்கள், மற்றவர்கள் எப்போது வருகிறாய் என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை 6.20 பஸ்ஸில் சின்னசேலம் போனேன். ரயில் நிலையம் பக்கத்தில், பட்டியலின் முதல் ஆட்டோ நின்றது. அதன் சொந்தக்காரர் பல் விளக்கிக்கொண்டே வந்து சீட்டைத் தூக்கிவிட்டார். எர்த் போல்ட்டைத் தேடி அடியில் குனிந்தேன்.