உப்பு தின்ற அச்சு

ஙப்பி வாடை. மீனையும் இறாலையும் உப்பில் புளிக்கவைத்து இடித்த அந்த விழுது, சோற்றோடு என்றால் எனக்கு உயிர். ஆனால் இன்றும் பசுந்தாங் சந்தையில் அது மூக்கில் ஏறினால் கை சுத்தியலைத் தேடுகிறது.

ரங்கூனுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்ட விடமாட்டார்கள். ஆகவே நான் நகரத்துக்குள், வண்டி வெளியே. பாலம் தாண்டித் தன்லியின் என்ற ஊரில், மனைவியின் தம்பி வீட்டுத் தகரக் கொட்டகையில். பஸ் பிடித்துப் போய்த்தான் அதைப் பார்க்க வேண்டும். மழைக்கு முன்னால் பின்சக்கர அச்சை உருவி, துடைத்து, புது கிரீஸை விரலால் வழித்துப் பூசிச் சொருகிவிட்டு வருவேன். அவனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: ஓட்டிக்கொள், உப்புச் சரக்கு ஏற்றாதே.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்டயர் மாற்றப் போனேன். நட்டு கழன்றது. அச்சு அசையவில்லை. குனிந்தேன். குப்பென்று வாடை.

"மழை அத்தான். இந்த வருசம் என்னா மழை!"

"மழையில ஙப்பி நாறுமாடா?"

சிரித்தான். "சந்தைக்குக் கொஞ்சம் கூடை... சும்மா நிக்கிற வண்டிதானே."

செய்ததைக்கூட மன்னித்திருப்பேன். சிரித்தானே!

துரு இளக்கும் எண்ணெயை இரு முனையிலும் ஊறவிட்டேன். மரை நசுங்காதிருக்க நட்டை முனையில் திருகி, மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். ஒவ்வொரு தட்டும் அவன் உச்சந்தலையில் விழுவதாக நினைத்துக்கொண்டேன். கை சோரவே இல்லை. வெயில் சாய்ந்தபோது அச்சு முனகிக்கொண்டே வெளியே வந்தது, அம்மை வார்த்த முகம் போல. உப்புத்தாளால் தேய்த்தேன். கிரீஸ் பூசினேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தான்.

"மாட்டிடுங்க அத்தான். விடிஞ்சா சந்தை. கூடையெல்லாம் கட்டியாச்சு."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அச்சைச் செய்தித்தாளில் சுற்றினேன், நட்டோடு. பையில் போட்டேன். கை கழுவினேன், நிதானமாக, நகக்கண் வரை. செங்கல் மேல் பின்கால் இல்லாத மாடு போல என் வண்டி நின்றது. பாவம்தான். ஆனால் உப்பிலிருந்து தப்பித்த மாடு.

பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே வந்தான்.

"வெளையாடாதீங்க. அக்காகிட்ட சொல்லுவேன்."

"சொல்லு. அவளே வந்து மாட்டட்டும்."

"அவ்வளவு ஙப்பிய நான் என்னா பண்றது?"

"தின்னு."

பையின் கனம் தோளில் இறங்க இறங்க நெஞ்சுக்குள் என்னவோ தித்தித்தது. பெரிய மனுஷத்தனம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பஸ் வந்தது. ஏறினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தான்.

"எப்பத்தான் திரும்பி வருவீங்க, அத்தான்?"

"பொங்கலுக்கு, மாப்ளே."