கழுகு வந்துருச்சா?

என் வீட்டுக்காரர் யாரையும் நம்பமாட்டார். கடைக்காரன் தராசை நம்பமாட்டார், டாக்டர் கொடுக்கும் மாத்திரையை நம்பமாட்டார். எங்கள் ஏரிக்கரை ஊரான பாலிக்சியின் தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்ட மனுஷன். அந்தப் புத்தி வேறு எங்கே போகும்?

வாயால் சொன்னால் போன் வேலை செய்யும் என்று ஊரெல்லாம் கொண்டாடியபோது, "நம்ம பேச்சு எந்த நாட்டுக்குப் போகுதோ, யார் கண்டா!" என்று கையை உதறினார். பிறகு பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அடுப்படி மூலையில் வைத்து, வீட்டுக்கென்றே ஒரு குரல் சர்வர் அமைத்தார். எங்கள் மூன்று போன்களும் அதோடு சேர்ந்திருக்கும். நாம் சொன்னதைக் கேட்டு நம் போனை இயக்கும். எந்தப் போன் வீட்டுக்குள் வந்தது, எது வெளியே போனது என்பதும் அதற்குத் தெரியும். கேட்டதையெல்லாம் எழுதியும் வைக்கும். மனுஷன் தினமும் காலையில் டீயோடு அதைத்தான் படிப்பார்.

போன மாதம் ஒருநாள் படித்துவிட்டு முகம் கறுத்து வந்தார். எங்கள் மருமகள் கன்ஷாயிம் நாளுக்கு ஐந்தாறு தடவை அதனிடம் கேட்டிருக்கிறாள்: "கழுகு வந்துருச்சா?"

"யாருடி அந்தக் கழுகு?" என்று என்மேல் பாய்ந்தார்.

"எனக்கென்னங்க தெரியும்?"

"நான் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனாத்தான் கேக்குறா. நான் வாசல்ல கால் வச்சதும் கேள்வி நின்னுபோகுது! மகன் எர்மெக் மாஸ்கோவுல செங்கல் சுமக்குறான், இங்க கழுகு வருதாம்! இன்னிக்கே எர்மெக்குக்கு போன் போடுறேன். பெட்டியக் கட்டி அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

எனக்கும் அது தொற்றிக்கொண்டது. அவள் சிரித்தாலும் சந்தேகம், சும்மா இருந்தாலும் சந்தேகம். டீக் கோப்பையை அவள் பணிவாக நீட்டியதுகூட நடிப்பாகப்பட்டது. சீ, என்ன மனசோ!

மத்தியானம் அவள் நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். போன் அலமாரியில் இருந்தது. இவர் போய் எதிரே நின்றார்.

"அந்தக் கழுகைக் கூப்பிடு. என் முன்னால, இப்பவே."

பெண் வெளிறிப்போனாள். "வேணாம் அத்தா, வெக்கமா இருக்கு."

"வெக்கமாம்ல! கூப்பிடு!"

மாவுக் கையோடு தலைகுனிந்து மெல்லச் சொன்னாள்: "கழுகைக் கூப்பிடு."

இவருடைய கோட்டுப் பையில் மணி அடித்தது.

எடுத்துப் பார்த்தார். திரையில் மருமகள் பெயர். அவள் அவரைப் போனில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பேரைச் சொல்லுன்னு போன் கேக்குது. உங்க பேரை என் வாயால எப்படிச் சொல்லுவேன், அத்தா? உங்க கண்ணுக்குத்தான் எதுவும் தப்பாதே, அதான் கழுகுன்னு பதிஞ்சு வச்சேன்." கன்ஷாயிம் அழுதுவிட்டாள். "போன குளிர்ல பாறையில வழுக்கி அரை நாள் கிடந்தீங்களே. அதுலேருந்து, பத்திரமா வந்துட்டீங்களான்னு கேட்டுக்கிட்டே இருப்பேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. என் மாமனார் பெயரை அவர் சாகும்வரை நான் சொன்னதில்லை. இதோ, இவ்வளவு நேரமாகக் கதை சொல்கிறேனே, இவர் பெயரைச் சொன்னேனா? எனக்கல்லவா முதலில் புரிந்திருக்க வேண்டும்!

இவர் மணி அடித்து ஓயும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அந்தப் பதிவைப் படிப்பதில்லை. சாயங்காலம் மீன் பையோடு உள்ளே நுழையும்போதே அடுப்படிப் பக்கம் பார்த்துக் கத்துகிறார்:

"கழுகு வந்துருச்சும்மா!"