சூசை தட்டி விலக்கிய பிரேக் கட்டை

சூசை இறந்த செய்தி வந்தபோது நான் வண்ணார்பேட்டையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எங்களோடு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த மாடசாமி சைக்கிளில் வந்து, இறங்காமலே ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சொன்னான்.

"அண்ணாச்சி, சூசை சார் போயிட்டாரு. வெள்ளன நெஞ்சு வலிக்குன்னாராம். வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுமுன்னே முடிஞ்சிட்டு."

எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். கேனில் எண்ணெயை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். செய்தி கேட்டதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுகிற தெம்பு இப்போது இல்லை.

இதை வாசிக்கிற ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். சூசை கடற்கரை ஊர்க்காரர். அப்பாவும் அண்ணன்மாரும் மீன்பிடிக்கப் போனவர்கள். "எனக்குப் படகுல ஏறுனா வாந்தி வரும் அண்ணாச்சி, அதான் ரயிலுக்கு வந்தேன்" என்பார். வண்டிகளைப் பரிசோதிப்பது அவர் வேலை. சரக்கு வண்டி யார்டுக்குள் நுழையும்போது தண்டவாளத்தோரம் குந்தியிருந்து, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாகக் காது கொடுப்பார். வண்டி நின்றதும் சக்கர அச்சின் முனையிலுள்ள அச்சுப்பெட்டிகளில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். எல்லாம் சரியென்றால் ஓடத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுவார். அவர் குந்தியிருக்கும் நேரத்தில் பக்கத்தில் யாராவது வாயைத் திறந்தால் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவார்: "பைய பேசும் வே. இப்பம் வண்டி பேசுத நேரம்."

அவர் காது தேடியது பெரும்பாலும் சப்பைச் சக்கரத்தைத்தான். பிரேக் பிடித்தபடியே இழுபட்ட சக்கரம் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தத் தட்டை தண்டவாளத்தைச் சம்மட்டி போல அடிக்கும். அடி பலமானால் தண்டவாளமே விரிசல் விடும். அதற்கு மேல் ஏறிவருவது பாசஞ்சர் வண்டியாகவும் இருக்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பகுதியில் தண்டவாளத்தோரம் ஒரு பெட்டியைச் சோதனைக்காக வைத்தார்கள். சூடேறிய சக்கரத்தைத் தானாகக் கண்டுபிடித்து மணி அடிக்கும் என்றார்கள். அடித்தது. சித்திரை வெயிலில் மேற்குப் பக்கச் சக்கரம் முழுவதற்கும் அடித்தது. ஒவ்வொரு முறையும் வண்டியை நடுக்காட்டில் நிறுத்தி, கார்டான நான் ஒரு கோடியிலிருந்தும் டிரைவரின் உதவியாளர் மறுகோடியிலிருந்தும் ஜல்லியில் நடந்து தொட்டுப் பார்த்தோம். ஒன்றும் இருக்காது. "இந்தப் பெட்டிக்கு வெயில்னா என்னன்னு யாரும் சொல்லிக் குடுக்கல போல" என்று சூசை சிரித்தார். தொல்லை பொறுக்காமல், எவ்வளவு சூட்டுக்கு மணி அடிக்க வேண்டும் என்ற பெட்டியின் அளவை ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகு அது வாயே திறக்கவில்லை. அதோடு ஓர் உத்தரவும் வந்தது: பெட்டி சொன்னால் நிறுத்து, சொல்லாவிட்டால் நிறுத்தாதே.

கைப்பிரேக் விதி இன்னொரு கொடுமை. நின்றுகிடக்கிற வண்டியில் வேகன்களின் கைப்பிரேக்கை இறுக்க வேண்டும். புறப்படும்போது கார்டு முழு வண்டியையும் தானே நடந்து, எல்லாம் தளர்த்தப்பட்டதைக் கண்ணால் கண்டு கையெழுத்துப் போட வேண்டும். விதியில் தப்பில்லை. ஆனால் கைப்பிடிகளில் பாதி துருப்பிடித்து இறுகியிருக்கும், சிலதில் கைப்பிடியே இருக்காது. ஆள் குறைவு, தளர்த்த உதவிக்கு ஒரு பாயிண்ட்ஸ்மேன்தான். நடந்து முடிக்கும் முன்பே கன்ட்ரோலிலிருந்து டெலிபோனில் கத்துவார்கள். இதை நான் அன்றும் எழுதினேன், இன்றும் சொல்லுவேன். விதியை எழுதியவர்கள் ஒருநாள் அந்த ஜல்லியில் நடந்திருந்தால் அந்த நேரக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஒருநாள் வந்த வண்டி, மாடசாமி அப்போது வேலை பார்த்த ஒரு சின்ன ஸ்டேஷனில் இரண்டு நாள் கிடந்துவிட்டு வந்தது. யார்டுக்குள் நுழையும்போதே சூசை எழுந்து கையை உயர்த்திவிட்டார். பின்பாதியில் ஒரு வேகன் தட்டுகிறது, கழற்றாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். பெட்டி ஒன்றும் சொல்லவில்லையே என்று டெலிபோனில் கேட்டார்கள். "பெட்டி சொல்லாது, நான் சொல்லுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். வேகனைக் கழற்றி ஓரத் தண்டவாளத்தில் தள்ள இரண்டு மணி நேரம் ஆனது. பின்னால் பாசஞ்சர் வண்டி காத்துக் கிடந்தது.

கழற்றிய பிறகு நானும் அவரும் அடியில் குனிந்து பார்த்தோம். கைப்பிரேக் முழுதும் தளரவில்லை. பிரேக் கட்டை சக்கரத்தில் ஒட்டிக் கிடந்தது, தீய்ந்த வாடை வந்தது. சூசை என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்துக் கைப்பிடியைத் தட்டித் தளர்த்தினார், கட்டையையும் தட்டி விலக்கினார். அந்தத் தட்டலில் கைப்பிடியின் பல் உடைந்துபோனதால் மறுபடி இறுக்க முடியவில்லை. மரமுட்டு இரண்டைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் அதிகாரி வந்து அளந்தார். தேய்மானம் அனுமதித்த அளவுக்கு நூலிழை உள்ளே இருந்தது. பிரேக் கட்டை விலகி இருந்தது. சூசைக்குக் குற்றச்சாட்டு வந்தது. தேவையின்றி வண்டியை நிறுத்தியது ஒன்று. தனி வேகனைக் கைப்பிரேக் இறுக்காமல் விட்டது இன்னொன்று.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. விதிப் புத்தகத்தை நானாகவே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டவன். அதனால் விசாரணையில் தனக்கு உதவியாக உட்காரச் சொன்னார் சூசை. உட்கார்ந்தேன்.

"பெட்டிக்குத் தெரியாதது உமக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?" என்றார் அதிகாரி.

"பெட்டிக்குக் காது கிடையாது சார். சூடு மட்டுந்தான் தெரியும். இப்பம் அதுவும் தெரியாது."

"தேய்மானம் அளவுக்குள்தானே இருக்கிறது?"

"இப்பம் உள்ளதான் இருக்கு. அடுத்த யார்டுக்குப் போகுமுன்ன வெளிய வந்திருக்கும்."

"அதை எப்படிச் சொல்கிறீர்?"

பிரேக் பிடித்தபடி ஓடிவந்தது என்று சொல்லியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். சூசை, "சத்தத்துல தெரிஞ்சுது" என்றார். பக்கத்தில் இருந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

வெளியே படியில் வைத்து அவரைத்தான் ஏசினேன். "ஏன்வே சொல்லல?"

"சொன்னா அடுத்த கேள்வி, கார்டு யாருன்னு கேப்பான். ஒங்களுக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருசம் கெடக்கு. எனக்கு அதுக்கு மேலயும் கெடக்கு, தாங்கிக்கிடுவேன்."

தாங்கிக்கொண்டார். தூர ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் இங்கே விட்டுவிட்டுப் போனார். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. காரணமின்றி வண்டியை நிறுத்தியவர் என்று பணிப் பதிவேட்டில் எழுதினார்கள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டார், அந்த வரியை மட்டும் அவரால் விட முடியவில்லை. "சக்கரம் தட்டுச்சு, நான் கேட்டேன். அதை எழுதிட்டான்னா போதும் அண்ணாச்சி" என்பார். உடம்புக்கு ஆகாமல் காலத்துக்கு முன்பே வேலையை விட்டு வந்தபோதும் அந்த வரி அப்படியேதான் இருந்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகு அவருக்காக எழுதிய மனுக்கள் ஒரு கட்டு இருக்கும். பெட்டியின் அளவை ஏற்றியது, உடைந்த கைப்பிடிகள், ஆள் பற்றாக்குறை, ஒன்றோடொன்று முட்டும் உத்தரவுகள், எதையும் விடவில்லை. எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒருமுறை கையெழுத்துப் போடுமுன் பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதுல வேற எதுவும் சேக்கணுமா அண்ணாச்சி?"

"எல்லாம் சேத்தாச்சு" என்றேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு அவர் கேட்கவே இல்லை.

அடக்கத்துக்குச் சாத்தான்குளம் பஸ்ஸில் மாடசாமியும் நானும் போனோம். பாதி தூரம் போயிருக்கும். பிறகு அவன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்: "பின்பாதிய நீங்க பாத்திருப்பியன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

"நீ பாத்திருப்பன்னு நான் நெனச்சேன் லே."

இத்தனை வருடத்தில் நாங்கள் அதைப் பேசிக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

ரயில்வேயோடு எனக்குள்ள வழக்கில் நான் இம்மியும் இறங்கவில்லை. பெட்டி தப்பு, விதிக்குக் கொடுத்த நேரம் தப்பு. செத்தவர் பதிவேட்டை எவனும் திருத்தப் போவதில்லை என்பதும் தெரியும். இருந்தாலும் நேற்று ஒரு மனு அனுப்பியிருக்கிறேன். சூசையிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பேனாவை மூடி வைத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்விதான். அதற்கான பதிலை மனுவின் முதல் வரியாக எழுதினேன்: அந்த வண்டிக்குக் கார்டு நான், பாதி வண்டியை நடந்து பார்க்காமல் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்.