எண்ணூர்க் கடலில் கிடைத்த ஜெர்மன் வாட்ச்

காலை 6.40. வாட்ச் ரிப்பேர் கடையைத் திறக்காமலே அரக்கோணத்தில் மின்சார ரயில் ஏறினேன். சென்ட்ரல் அறுபத்தொன்பது கிலோமீட்டர். முந்தின நாள் நெட்டுக்குப்பத்திலிருந்து தேவி போன் செய்திருந்தாள். "அண்ணா, அவரு வாட்சு கெடச்சிச்சி. ஓடிகினு கீது. நீ வந்து ஊருக்கு ஒரு வார்த்த சொல்லு."

அவள் கணவர் ஏழுமலையின் பைபர் போட் கவிழ்ந்து பதினொரு நாள். கூடப் போன இருவர் கரையேறிவிட்டார்கள். காலி டீசல் கேனைப் பிடித்தபடி அவர் அலையில் விலகிப் போனதை அவர்கள் பார்த்ததோடு சரி.

அந்த வாட்ச்சை நான் அறிவேன். துறைமுகத்தில் முக்குளித்து வேலை செய்த காலத்தில், ஜெர்மன் கப்பல் இன்ஜினியர் ஒருவர் ஏழுமலைக்குக் கொடுத்தது. நகை மாதிரி இழைக்காமல் கருவி மாதிரிச் செய்கிற கம்பெனி. உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. திறக்கத் தெரிந்த ஆளைத் தேடி அவர் என் கடைக்கு வந்தபோது, "இதுக்கு பேட்டரியும் இல்ல, சாவியும் வேணாம். கையில கட்டியிருந்தா ஓடும். கழட்டினா ஒன்றரை நாள்ல நின்னுடும்" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

9.50. சென்ட்ரலில் வண்டி மாறி எண்ணூர். ஸ்டேஷனிலிருந்து குப்பம் மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். என் சட்டையைப் பார்த்து டிரைவர் சிரித்தார். "வெள்ள சட்ட போட்டுகினு எண்ணூரு வர்றியே நைனா! பவர் ஹவுஸ் சாம்பல் வுழுந்து சாயந்திரம் நீயே சிமெண்டு கலராயிடுவ." ஏழுமலை வீடு என்றதும் சிரிப்பு நின்றது. எழுபது ரூபாய் போதும் என்றார்.

10.30. வாசலில் பத்துப் பேர். நடுவில், கடலில் மிதந்து கிடைத்த அந்தக் கேன். கைப்பிடியைச் சுற்றி வாட்ச்சின் தோல் பட்டை மாட்டியிருந்தது. யாரையும் அவிழ்க்கத் தேவி விடவில்லை. முள் ஓடிக்கொண்டிருந்தது.

ஏழுமலையின் தம்பி கன்னியப்பன் கண்ணெல்லாம் சிவந்து நின்றார். "தெனம் நாலு போட்டு தேடிகினு கீது சார். இன்னியோட நிறுத்திடலாம்னு ஊருல சொல்றாங்க. அண்ணி உட மாட்டேங்குது."

"எப்பிடி உடறது?" என்றாள் தேவி. "கழட்டினா ஒன்றர நாளுதான். நேத்து காலைல ஓடிகினு வந்துது. அப்ப முந்தா நாளு வரிக்கும் அவரு கையில இருந்துக்கீது. நீதானே சொன்ன அண்ணா?"

நான்தான் சொன்னேன். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் நாளையும் போட்டுகள் போகும். ஆனால் அது முழு உண்மையல்ல. கேனைத் தூக்கி அவள் காதோரம் வைத்து, அலை போல லேசாக ஆட்டினேன். வாட்ச்சுக்குள் எடைத்தகடு கரகரவென்று சுற்றியது.

"இதான்மா சாவி கொடுக்குது. கைதான் ஆட்டணும்னு இல்ல."

அவள் நெடுநேரம் கேட்டாள். "அப்ப இத்தினி நாளு கடலே சாவி குடுத்துகினு இருந்துச்சா?"

"எப்பக் கட்டினார்னு இதை வச்சுச் சொல்ல முடியாதும்மா. இன்னும் இருக்கலாம், இல்லாமலும்..."

அவள் கேட்கவில்லை. பட்டையின் பக்கிளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஓட்டையில் ஊசி கோத்து, நுனியை வளையத்துக்குள் செருகியிருந்தது.

"இத மாட்ட ரெண்டு கையும் வோணும்ணா," என்றாள். "புடிச்சிகினு இருந்த கேன உட்டுட்டுதான் மாட்டிக்கீறாரு."

பிறகு அவளே சொன்னாள். "கன்னியப்பா, நாளைக்கி போட்டு வாணாம்."

மதியம் 2.15. திரும்புகிற வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முப்பது வருடமாக வாட்ச் பார்க்கிறவன், அந்தப் பக்கிளை நான் பார்க்கவில்லை. என் வாட்ச்சைக் கழற்றி, ஜன்னல் கம்பியில் ஒற்றைக் கையால் மாட்டிப் பார்த்தேன். பட்டை வழுக்கியது, ஊசி ஓட்டையில் ஏறவில்லை. திருவொற்றியூர் போனது, தண்டையார்பேட்டை போனது. கொருக்குப்பேட்டையில் எதிரே உட்கார்ந்திருந்த மீன்கூடை அம்மாள் பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"இன்னாய்யா பேஜாரு பண்ற? இன்னொரு கையத்தான் வையேன்!"