வடிகாலும் நூற்றெட்டாம் நம்பர் வீடும்

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் சாலையில், மங்களாம்பிகையின் வயலை ஒட்டி நின்றது பொன்னிவளம் ஓட்டல். அதற்கும் அவளுக்கும் இருபத்திரண்டு வருடப் பகை. அதன் கல்யாண மண்டபத்து எச்சில் இலைகள் மதில் தாண்டி அவள் நாற்றங்காலில் விழும். பார் பாட்டில்கள் சேற்றில் புதைந்து கிடக்கும். ஒருமுறை நடவின்போது கண்ணாடிச் சில்லு குத்தி, வலது குதிகாலில் ஏழு தையல். கட்டோடு நொண்டிக்கொண்டே ஓட்டலுக்குள் போய், ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைமேல் ஒரு கூடை பாட்டிலைக் கொட்டிவிட்டு வந்தவள் அவள்.

அவள் அப்படித்தான். மகன் சதீஷுக்கு ஒன்பது வயதானபோது கணவன் மாரடைப்பில் போய்விட்டான். மூன்று ஏக்கருக்கு மேல் வரும் பத்து மா நஞ்சையைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பிறந்த ஊரான கீழ்வேளூருக்கே வந்துவிடச் சொன்னார்கள் அண்ணன்மார். "நெலத்த உங்ககிட்ட குடுத்துட்டு, உங்க வீட்ல நான் பாத்திரம் தேய்க்கவா?" என்று கேட்டாள். அதோடு அவர்கள் வருவது நின்றது. அவளே நாற்று விட்டாள், உரம் போட்டாள், முறைத்தண்ணீருக்குச் சண்டை போட்டாள். மகனை என்ஜினியரிங் படிக்கவைத்துச் சிங்கப்பூர் அனுப்பினாள். மருமகள் பூர்ணிமா வந்த முதல் வாரமே, அவள் வைத்த குழம்பை வாயில் வைத்துவிட்டுக் கீழே ஊற்றினாள். அதைப் பூர்ணிமா மறக்கவில்லை. மங்களாம்பிகையும் அதற்காக வருந்தியதில்லை.

கொரோனாவில் மூடிய ஓட்டல் பிறகு திறக்கவேயில்லை. ஜன்னல்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மாடியில் ஆலங்கன்று முளைத்தது. பெயர்ப்பலகை ஒருநாள் காற்றில் விழுந்தபோது மங்களாம்பிகை வீட்டில் பாயசம் வைத்தாள்.

அந்தச் சந்தோஷம் நான்கு வருடம்தான் நீடித்தது. தஞ்சாவூரிலிருந்து பிரபு என்ற பில்டர் வந்து கட்டடத்தை இடித்தான். சாலையோரம் பெரிய பலகை வைத்தான்: மூத்தோருக்கான அறுபது வீடுகள், மருத்துவர், கோயில், சைவச் சமையல். கீழே ஒரு பச்சை வயலின் படம். 'வயல்வெளியைப் பார்த்தபடி நிம்மதியான ஓய்வுக்காலம்.'

மங்களாம்பிகை சைக்கிளை நிறுத்தி அதை இரண்டு முறை படித்தாள்.

"இது என் வயலுல்ல?" என்றாள் கூட வந்த எல்லையம்மாளிடம். எல்லையம்மாள் முப்பது வருடமாக அவள் வயலில் வேலை பார்ப்பவள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்றாள் எல்லையம்மாள்.

"என்னைக் கேக்காம என் வயல விக்கிறான்டி!"

படத்தோடு போயிருந்தால் திட்டோடு முடிந்திருக்கும். ஓட்டலுக்குப் பின்புறம், அவள் வயலிலும் மேலண்டை வயல்களிலும் தேங்கும் மழைத்தண்ணீரை ஆற்றுக்குக் கொண்டுபோகும் வடிகால் ஒன்று இருந்தது. இடித்த ஓட்டலின் செங்கல்லையும் காரையையும் அதில் கொட்டி நிரவி, அதன்மேலேயே மதில் எழுப்பினான் பிரபு. அவள் போய்க் கேட்டபோது சிரித்தான்.

"அது சாக்கடைம்மா. பெரியவங்க குடியிருக்கப்போற எடம், கொசு வரும்."

"மழை பேஞ்சா என் தண்ணி எங்க போகும்?"

"பைப் போட்டுத் தரேன்."

பைப் வரவில்லை. ஐப்பசி மழை வந்தது. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பாப் பயிர் ஆறு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. ஏழாம் நாள் இறங்கி ஒரு குத்தைப் பிடித்து இழுத்தாள். வேர் கழன்று, அழுகிய நாற்றத்தோடு கையோடு வந்தது. தாலுகா ஆபீசில் மனு கொடுத்தாள். அளக்க வருவதாகச் சொன்னார்கள், ஆனால் தண்ணீர் வடிந்தால்தான் அளக்க முடியும் என்றார்கள். மதில் இருக்கும்வரை தண்ணீர் எப்படி வடியும் என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்பின் மாதிரி வீட்டுக்குத் திறப்பு விழா. வாழைமரம், ஷாமியானா, நாதஸ்வரம். பத்து மணிக்கு, கார்களில் வந்திறங்கியவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, வயல் பக்கத்து வண்டிப்பாதை வழியாக ஒரு பொக்லைன் உருண்டு வந்தது. ஓட்டியவன் துரைராசு, பக்கத்து ஊர்க்காரன். அவன் வயலும் அதே தண்ணீரில்தான் மூழ்கியிருந்தது. முன்னால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மங்களாம்பிகை நடந்தாள்.

முதல் இடியில் மதில் விரிசல் விட்டது. நாதஸ்வரம் நின்றது. பிரபு பட்டுவேட்டியோடு ஓடிவந்தான்.

"ஏய், நிறுத்துறா! என்னம்மா அடாவடி இது? போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடு. வடிகால மூடினவன் நீன்னு நானும் சொல்லணும்ல."

அவள் முறைத்துக்கொண்டு நின்றாள். அவன் மூச்சு வாங்கினான். பிறகு குரலைத் தாழ்த்தினாலும், எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னான்:

"உங்களுக்கு விஷயமே தெரியாதாம்மா? உங்க பையன் இங்க வீடு புக் பண்ணியிருக்காரு. மொத மாடி, நூத்தியெட்டாம் நம்பர். உங்களுக்குத்தான். ரெண்டாவது கட்டத்துக்கு இந்த வயலையும் அவர்கிட்ட பேசியிருக்கோம். உங்க வீட்டு மதிலையே நீங்க இடிக்கிறீங்க."

துரைராசு இயந்திரத்தை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தான். மங்களாம்பிகைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. போன மாதம் சதீஷ் போனில் பட்டா நம்பரைக் கேட்டிருந்தான், ஏதோ பயிர்க் காப்பீடு என்று. வாசித்துக் காட்டியவள் அவள்தான். முட்டிவலிக்கு மருந்து வாங்கி அனுப்பியவன், பிள்ளைதானே என்று நம்பிய பிள்ளை.

"பட்டா என் பேர்லதானே இருக்கு?" என்று கேட்டாள்.

பிரபு போலீஸுக்குப் போன் போட்டான்.

"துரைராசு, நீ இடி."

முப்பதடி மதில் சரிந்தது. காரையும் செங்கல்லும் வாரி எறியப்பட்டதும், செம்மண் கலங்கிய தண்ணீர் இரைச்சலோடு ஆற்றைப் பார்த்து ஓடியது. காபி டம்ளரோடு நின்ற பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காரில் ஏறினார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் அவளைச் சாயங்காலம்வரை உட்காரவைத்தார்கள். அங்கேயே சதீஷின் போன் வந்தது.

"ஏம்மா இப்படி மானத்த வாங்குற? உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன். தனியாக் கெடந்து சாகப்போறியா?"

"நான் சாகறதுக்கு எடம் புடிச்சு வச்சிருக்க. அதையும் என் நெலத்த வித்து."

"பூர்ணிமா சொன்னது சரியாத்தான் இருக்கு. உனக்கு யாரும் வேணாம்."

"ஆமா, வேணாம்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

தை மாதம் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். வடிகால் புறம்போக்குதான், மதில் எட்டடி உள்ளே வந்திருக்கிறது என்று எழுதினார். பிரபு மதிலைத் தள்ளிக் கட்டினான். மதிலை இடித்ததற்காக அவள்மேல் போட்ட வழக்கை மட்டும் வாபஸ் வாங்கவில்லை. வாய்தா வாய்தாவாக அது நடக்கிறது. அந்தப் போகத்தில் பாதி வயல் பதர்.

குடியிருப்பும் கட்டி முடிந்து நிரம்பியது. நூற்றெட்டாம் நம்பர் வீட்டுக்குச் சதீஷ் ஆள் பார்த்துவிட்டான். தஞ்சாவூரிலிருந்து வந்து குடியேறியவள் பூர்ணிமாவின் அம்மா ஈஸ்வரி. அவள் பால்கனிக்கு நேர் எதிரே மங்களாம்பிகையின் வயல். சம்பந்திகள் இருவரும் தினமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அறுவடை இயந்திரத்தின் சத்தமும் தூசும் தாங்கவில்லை என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. முதல் கையெழுத்து ஈஸ்வரியுடையது. மங்களாம்பிகை அதைக் கிழிக்காமல், வழக்குக் காகிதங்களோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

இந்தப் பொங்கலுக்குச் சதீஷ் வந்தான். கார் குடியிருப்புக்குள் போனது. இரண்டு நாள் கழித்து, மதிலோரக் கதவைத் திறந்துகொண்டு வரப்பில் நடந்து வந்து வயலில் இறங்கினான். அவள் உளுந்து விதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நடை உள்ள வந்துட்டுப் போம்மா. பூமிகா உன்னப் பாக்கணுங்கறா."

பால்கனியில் பேத்தி நின்றது தெரிந்தது. பக்கத்தில் ஈஸ்வரியும் நின்றாள். மங்களாம்பிகை நிமிர்ந்து பார்த்தாள்.

"புள்ளைய இங்க அனுப்பு. நான் அங்க வரமாட்டேன்."

"சேத்துலயா?"

"உன்னயும் இதுலதான் வளர்த்தேன்" என்றாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள். "செருப்போட வெதைய மிதிச்சுக்கிட்டு நிக்கிற. தள்ளு."

அவன் தள்ளி நின்றான். அவள் அவனைக் கடந்து, கூடையிலிருந்து அடுத்த கை உளுந்தை அள்ளி வீசினாள்.